ஆயிரத்து நூறாவது மீட்டர்: கண்மாய்க் கரைப் பணி வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அரசு ஒப்பந்த வழக்குகளில் தொழில் பழக விரும்பி எங்கள் அலுவலகத்துக்கு வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு முதல் வாரத்தில் முடிந்துபோன வழக்கு ஒன்றின் கட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது வழக்கம். மேலூர்ப் பக்கத்தில், பெரியாறு பாசனத்தின் கடைப் பகுதியில் உள்ள ஒரு கண்மாயின் கரைப் பணி பற்றிய வழக்கு அது. இங்கே அதை எழுதும்போது கட்சிக்காரர், அலுவலர்கள், கண்மாய் ஆகியவற்றின் பெயர்களை விட்டுவிட்டேன். தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். இதே வகையைச் சேர்ந்த வேறு வழக்குகளில் வந்த சில கூறுகளையும் அடையாளம் தெரியாதபடி இதனுடன் சேர்த்திருக்கிறேன். ஒரு ஒப்பந்ததாரரின் பணத்தைத் துறையின் காகிதங்களைக் கொண்டே எப்படி மீட்க முடிந்தது, எந்த இடத்தில் அது கைநழுவிப் போக இருந்தது என்பதைக் காட்டுவதே என் நோக்கம்.

ஒப்பந்தம் எளிமையானது. கண்மாய்க் கரையின் தொடக்கத்திலிருந்து 600 மீட்டர் வரை கரையைப் பலப்படுத்தி, உட்புறம் கல் பதித்து, ஒரு மடையைப் புதுப்பிக்க வேண்டும். மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் என்பதால் அது மாநில அரசின் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருந்தது. அதைவிடச் சிறிய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் வரும்; அப்போது எதிராளியும் மாறுவார், பொருந்தும் சட்டமும் மாறும். அரசியலமைப்பின் உறுப்பு 299 ஒன்றிய, மாநில அரசுகளின் ஒப்பந்தங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஆகவே கண்மாய் யாருடையது என்ற கேள்விக்கு ஆவணத்தோடு விடை கிடைக்கும்வரை எங்கள் அலுவலகத்தில் எந்த அறிவிப்பும் தட்டச்சாகாது.

பணி பாதியில் இருந்தபோது வடகிழக்குப் பருவமழை வலுத்தது. ஒரு நாள் இரவு கரையில் உடைப்பு ஏற்பட்டது. உதவிப் பொறியாளர் இடத்துக்கு வந்தார். இயந்திரமும் ஆட்களும் கையில் இருந்த ஒரே ஒப்பந்ததாரர் எங்கள் கட்சிக்காரர்தான். மணல் மூட்டை அடுக்கி, சவுக்குக் கம்பு அடித்து, உடைப்பைச் சுற்றி வளையக்கரை போடும்படி பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னார். மூன்று நாள்களில் வளையக்கரை நின்றது. அடுத்த வாரங்களில் உடைந்த பகுதியை மண் கொட்டி இறுக்கி முழுக்கரையாக எழுப்பிய பணியையும் இவரே செய்து முடித்தார். அதோடு, ஒப்பந்தப் பகுதிக்குள்ளேயே மழை அரித்த இடங்களில் மதிப்பீட்டில் கண்ட அளவைவிடக் கூடுதலாகக் கல் பதிக்க வேண்டியதாயிற்று. கூடுதல் கல் பதிப்புக்கு 7 லட்சம், உடைப்புப் பணிக்கு 12 லட்சம் என்று அவர் கணக்கிட்டார்.

இறுதிப் பட்டியல் (பில்) போடும் நேரத்தில் உதவிப் பொறியாளர் இடமாறுதலில் போய்விட்டார். புதிதாக வந்தவர், திருத்திய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் இல்லை, துணை ஒப்பந்தம் இல்லை, எழுத்து மூலமான உத்தரவும் இல்லை என்று சொல்லி, மூல ஒப்பந்தத்தில் உள்ள அளவுக்கு மட்டும் பட்டியலை அனுமதித்தார். "எம்.புக்குல ஏத்தியாச்சு சார், பில்லுதான் போட மாட்டேங்கிறாங்க" என்பதே கட்சிக்காரர் எங்களிடம் வந்தபோது சொன்ன முதல் வாக்கியம். எம்.புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தில் உதவிப் பொறியாளர் கூடுதல் பணியின் அளவுகளை எழுதியிருந்தார். ஆனால் உதவி செயற்பொறியாளரின் மேலாய்வுக் கையெழுத்து அந்தப் பக்கங்களில் இல்லை.

அவர் வரும்போது பணி முடிந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இந்தக் காலம் எங்கே போயிற்று என்பது இவ்வழக்கின் மிக முக்கியமான பாடங்களில் ஒன்று. முதலில் அவர் துறைக்கு மனு மேல் மனு கொடுத்தார். பிறகு, மனுவைப் பரிசீலிக்கும்படி உத்தரவு கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்தார். பரிசீலிக்க உத்தரவும் வந்தது. துறை நிதானமாகப் பரிசீலித்து, ஒப்புதல் இல்லாத பணிக்குப் பணம் தர இயலாது என்று ஒரு பக்கத்தில் நிராகரித்தது. நிராகரிப்பு உத்தரவு வந்த நாளிலிருந்து தமக்குப் புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைத்துவிட்டதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். இந்த நம்பிக்கையோடு வரும் ஒப்பந்ததாரர்களை இப்போதும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

காலவரம்புச் சட்டம் 1963-இன் இணைப்பில் உள்ள 18-ஆவது இனத்தின்படி, கேட்டுக்கொண்டதன் பேரில் செய்த வேலைக்குப் பணம் தர நாள் குறிக்கப்படாதபோது, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். பரிசீலனை உத்தரவு இந்த ஓட்டத்தை நிறுத்தாது. தமிழ்நாட்டின் கனிமத் துறை ஊழியர் ஒருவரின் வழக்கான ஜேக்கப் வழக்கில் 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பழைய கோரிக்கையைப் பரிசீலித்து அளிக்கப்படும் பதில் புதிய வழக்குமூலத்தை (வழக்குத் தொடரும் காரணத்தை) தராது, செத்துப்போன உரிமைக்கு உயிரும் கொடுக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அது பணி தொடர்பான வழக்குதான்; ஆனால் அதன் தர்க்கம் பணக் கோரிக்கைக்கும் அப்படியே பொருந்தும். ரிட் மனுவில் கழிந்த காலத்தைப் பிரிவு 14-இன் கீழ் விலக்கக் கேட்கலாமே என்று ஜூனியர்கள் சொல்வதுண்டு. அதே நிவாரணத்தை அதிகாரமில்லாத நீதிமன்றத்தில் நல்லெண்ணத்துடன் கேட்டவருக்குத்தான் அந்தப் பிரிவு பயன்படும். பரிசீலிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டதைப் பணம் கேட்டதாகக் கொள்வது கடினம். அதை நம்பி ஒரு நாளைக்கூட இழக்க நான் தயாராக இல்லை.

எனவே அந்த முதல் சந்திப்பில் சட்ட வாதம் எதையும் நாங்கள் பேசவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் மூன்று மனுக்கள் தயாராயின: அளவுப் புத்தகம், கரையின் மட்ட அளவுகளைக் குறித்து வைக்கும் லெவல் புத்தகம், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேட்டு நீர்வளத் துறைக்கு ஒன்று, அந்தப் பருவமழைக் காலத்தில் உடைப்புகள் பற்றி மாவட்ட நிர்வாகத்துக்குப் போன அறிக்கைகளைக் கேட்டு வருவாய்த் துறைக்கு ஒன்று, அச்சட்டத்தின் பிரிவு 2(ஜே)-இல் உள்ள வரையறையில் பணியை நேரில் பார்வையிடும் உரிமையும் அடங்கும் என்பதால், கரையைப் பார்வையிட அனுமதி கேட்டு இன்னொன்று. இந்தக் கடைசி உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு வியப்பளிக்கும் விஷயம்.

இடையில் கட்சிக்காரர் ஒரு யோசனையோடு வந்தார். மாறுதலில் போன பொறியாளர் நல்லவர், கேட்டால் அன்றைய தேதியிட்டு ஓர் உத்தரவு எழுதித் தருவார், அதைக் கோப்பில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். செய்த வேலைக்குத்தான் கூலி கேட்கிறார். ஆனாலும் அந்தக் காகிதம் வந்தால் நான் வழக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னேன். முன்தேதியிட்ட உத்தரவு பொய் ஆவணம். குற்றவியல் சட்டத்தின் கீழ் இருவரையும் நிறுத்தும். அதற்கும் மேலே, அனுப்புகைப் பதிவேட்டில் எண் இல்லாத ஓர் உத்தரவைக் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடலாம். அது உடைந்தால் உண்மையான அளவுப் புத்தகமும் அதனோடு சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். இத்துறையில் நீண்ட காலம் நிற்க விரும்பும் வழக்கறிஞருக்கு இப்படியொரு கோரிக்கை ஒரு நாள் கட்டாயம் வரும். பதிலை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பது நல்லது.

நகல்கள் வந்தபோது வழக்கின் வடிவமே மாறியது. அதுவரை எல்லோரும், கட்சிக்காரர் உட்பட, 19 லட்சத்தை ஒரே கோரிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே கோரிக்கையாக வைத்தால் துறைக்கு ஒரு வலுவான பதில் உண்டு. ஒரு பொருள் பற்றி வெளிப்படையான ஒப்பந்தம் இருக்கும்போது, அதன் விலையை ஒதுக்கிவிட்டு நியாயமான ஊதியம் என்று தனியாகக் கேட்க முடியாது என்பது 1960-ஆம் ஆண்டின் அலோபி பர்ஷாத் தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற விதி. கூடுதல் வேலைக்கு எழுத்து மூலமான உத்தரவு வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது, உத்தரவு இல்லை, கதை முடிந்தது என்று துறை சொல்லும்.

ஆனால் லெவல் புத்தகமும் அளவுப் புத்தகமும் உடைப்பு நிகழ்ந்த இடத்தை 1,100-ஆவது மீட்டர் என்று காட்டின. ஒப்பந்தப் பணி 600 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்த ஓர் எண்ணிலிருந்து முழு வழக்கையும் மறுபடி கட்டினோம். 600 மீட்டருக்குள் கூடுதலாகப் பதித்த கல், ஒப்பந்த அட்டவணையில் ஏற்கெனவே உள்ள இனத்தின் அளவு மிகுதி. அதை ஒப்பந்தத்தின் கீழேயே, ஒப்பந்த விகிதத்திலேயே கேட்க வேண்டும். 1,100-ஆவது மீட்டரில் போட்ட வளையக்கரையும் அதன்பின் எழுப்பிய முழுக்கரையும் ஒப்பந்தத்தின் எல்லைக்கே வெளியே உள்ள பணி. அதைப் பற்றிச் செல்லத்தக்க ஒப்பந்தம் எதுவும் இல்லை. உறுப்பு 299 கேட்கும் வடிவில், ஆளுநரின் பெயரால், அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக அது உருவாகவே இல்லை. ஆகவே அங்கே இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் பிரிவு 70 நுழைய இடமிருக்கிறது.

பிரிவு 70 மூன்று விஷயங்களைக் கேட்கிறது. ஒருவர் இன்னொருவருக்காகச் சட்டப்படி ஒரு செயலைச் செய்திருக்க வேண்டும். இலவசமாகச் செய்யும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது. மற்றவர் அதன் பயனை அனுபவித்திருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு மேற்கு வங்க மாநிலத்துக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், உரிய வடிவில் ஒப்பந்தம் இல்லாமல் அரசுக்காகக் கட்டிய கட்டடங்களுக்கு இந்தப் பிரிவின் கீழ் ஈடு தரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிவு 70 அரசியலமைப்பு விதித்த வடிவத்தைச் சுற்றிப் போகும் குறுக்குவழி ஆகிவிடாதா என்ற கேள்விக்கும் அத்தீர்ப்பில் பதில் இருக்கிறது: இங்கே நிறைவேற்றப்படுவது ஒப்பந்தம் அன்று, பெற்றுக்கொண்ட பயனுக்கு ஈடு செய்யும் கடமை. 1968-ஆம் ஆண்டின் முலம்சந்த் வழக்கும் இதையே உறுதி செய்தது. அதே மண்டல் தீர்ப்பு ஒரு நிபந்தனையையும் வைக்கிறது. பயனைப் பெற்றவருக்கு அதை ஏற்கவோ மறுக்கவோ வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். விரும்பாதவர் தலையில் வேலையைக் கட்டிவிட்டுப் பணம் கேட்க முடியாது.

துறையின் சார்பில் மிகத் திறமையாக வைக்கப்பட்ட வாதம் இந்த இடத்தில்தான் வந்தது. பணியை ஒப்படைக்கும்வரை மழை வெள்ளத்திலிருந்து அதைக் காப்பது ஒப்பந்ததாரரின் பொறுப்பு. அவர் போட்ட வளையக்கரை அவருடைய சொந்தப் பணியைக் காத்துக்கொள்ளப் போட்டது. அரசுக்காகப் போட்டதல்ல என்றார்கள். 600 மீட்டருக்குள் உடைப்பு நிகழ்ந்திருந்தால் இந்த வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இருந்திருக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 500 மீட்டர் தள்ளி, அவர் கை வைக்காத பழைய கரையில் ஏற்பட்ட உடைப்பை அடைக்க அவருக்கு எந்தக் கடமையும் இல்லை.

அரசு அதை ஏற்றுக்கொண்டது என்பதற்கு வருவாய்த் துறையிடமிருந்து வந்த நகல்கள் உதவின. உடைப்பு அடைக்கப்பட்டது, ஆயக்கட்டும் ஊரும் பாதுகாக்கப்பட்டன என்று நீர்வளத் துறையே மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதியிருந்தது. தன் சாதனையாக அறிக்கையில் எழுதிய ஒரு வேலையை நீதிமன்றத்தில் அந்நியருடைய வேலை என்று சொல்ல முடியாது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9-இன் கீழ் நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஆணையர் ஒரு பொறியாளரின் துணையோடு கரையை அளந்து, புதுக் கரையின் நீள அகலங்கள் அளவுப் புத்தகத்தில் உள்ளவற்றோடு பெருமளவு ஒத்துப்போவதாக அறிக்கை கொடுத்தார். மேலாய்வுக் கையெழுத்து இல்லாத குறையை அந்த அறிக்கை நிரப்பியது.

வழக்கு எந்த வழியில் நீதிமன்றத்துக்குப் போயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாநில அரசுக்கு எதிரான வழக்குக்கு முன் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 80-இன் கீழ் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்தக் காலம் காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 15(2)-இன்படி கணக்கிலிருந்து விலகும். கட்டுமான ஒப்பந்தத் தகராறு, மதிப்பும் 3 லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இன் கீழ் வரும் வழக்கு. அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்குக்கு முன் பிரிவு 12ஏ-யின்படி சமரச முயற்சி கட்டாயம். அது இல்லாத பிராது நிராகரிக்கப்படும் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சமரசத்தில் கழியும் காலமும் விலகும். ஆனால் அறிவிப்பும் சமரசமும் ஒரே நாள்களில் ஓடினால் அந்த நாள்களை இரண்டு முறை கழிக்கக் கூடாது. இந்த இடத்தில் கணக்குத் தவறினால் நல்ல வழக்கும் முதல் பிரச்சினையிலேயே தோற்கும். துறை சமரசத்துக்கு வரவில்லை. பிராது காலத்துக்குள் தாக்கலானது. வணிக வழக்குகளில் எதிருரைக்கு (எதிர்த்தரப்பின் எழுத்துப் பதிலுக்கு) 120 நாள்கள்தாம் இறுதி எல்லை என்பதை அரசு வழக்கறிஞர் அலுவலகம் நன்றாக அறிந்திருந்தது. எல்லைக்குச் சற்று முன்னதாக எதிருரை வந்தது.

மாறுதலில் போன உதவிப் பொறியாளரை நாங்களே சாட்சியாக அழைத்தோம். பலர் இதை வேண்டாம் என்றார்கள். பதவியில் இருப்பவர் துறைக்கு எதிராகப் பேச மாட்டார் என்றார்கள். ஆனால் அளவுப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்து இருக்கும்போது அவரை அழைக்காமல் விட்டால் அதையே நமக்கு எதிராகச் சொல்வார்கள். அவர் கூண்டில் நின்று, "நான்தான் போடச் சொன்னேன். அந்த ராத்திரியில லெட்டர் அடிக்க எங்கே நேரம்?" என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. முன்தேதியிட்ட காகிதம் கோப்பில் இருந்திருந்தால் இந்தச் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதைக் கட்சிக்காரரே அன்று புரிந்துகொண்டார்.

தீர்ப்பில் கல் பதிப்புக்கான 7 லட்சமும் ஒப்பந்த விகிதத்திலேயே கிடைத்தது. அளவு மிகுதியை அளவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு உத்தரவு இல்லை என்று மறுக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. உடைப்புப் பணிக்கு 12 லட்சம் கேட்டதில் 9 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாக அனுமதிக்கப்பட்டது. பிரிவு 70-இன் கீழ் கிடைப்பது ஈடு மட்டுமே என்பதால் அந்த ஆண்டின் துறை விலைப்பட்டியலை அளவுகோலாகக் கொண்டு, அவர் சேர்த்திருந்த இரவு வேலைக்கான மிகைக்கூலியையும் லாபத்தையும் நீதிமன்றம் நீக்கியது. இது எனக்கு நியாயமாகவே பட்டது. கட்சிக்காரருக்கு மனக்குறை இருந்தது. அவர் அந்த மூன்று இரவுகளும் கரையில் நின்றவர் என்பதால் அதையும் குறை சொல்ல முடியாது.

பணம் உடனே வரவில்லை. அரசுக்கு எதிரான தீர்ப்பாணையை மூன்று மாதம் நிறைவேறாமல் இருந்த பிறகே நிறைவேற்றக் கோர முடியும் என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 82 சொல்கிறது. வணிக வழக்கில் மேல்முறையீட்டுக்கு 60 நாள்கள். அரசுத் துறை என்பதற்காகவே நீண்ட தாமதத்தை மன்னிக்க முடியாது என்று போர்ஸ் பிரதர்ஸ் வழக்கில் 2021-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னதை நிறைவேற்று மனுவுக்கு முன் அனுப்பிய கடிதத்தில் மரியாதையுடன் குறிப்பிட்டோம். மேல்முறையீடு வரவில்லை. அடுத்த நிதியாண்டின் ஒதுக்கீட்டில் தொகை வந்து சேர்ந்தது.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் டெண்டர் வழக்குகளை எண்ணி வருகிறார்கள். 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை தொடங்கியதிலிருந்து தென் மாவட்டங்களின் டெண்டர் ரிட் மனுக்கள் மேலூர் சாலையில் உள்ள அக்கிளையிலேயே நடக்கின்றன. முன்பு இவற்றுக்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. அந்த வழக்குகள் விறுவிறுப்பானவை என்பது உண்மை. ஆனால் 1994-ஆம் ஆண்டின் டாட்டா செல்லுலார் தீர்ப்பு முதல் 2006-ஆம் ஆண்டின் ஜகதீஷ் மண்டல் தீர்ப்பு வரை, டெண்டர் முடிவுகளில் நீதிமன்றம் தலையிடும் பரப்பு குறுகியது என்றே உச்ச நீதிமன்றம் சொல்லி வந்திருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் பிரிவு 11 தரும் மேல்முறையீட்டுக்குப் பத்தே நாள்கள். ஒப்பந்ததாரரை அரசுப் பணிகளிலிருந்து விலக்கி வைக்கும் கறுப்புப் பட்டியல் பற்றிய வழக்குகள் அதைவிடச் சற்று நம்பிக்கை தருபவை. விளக்கம் கேட்காமல் ஒருவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்பது 1975 முதல் உறுதியான சட்டம். ஆனாலும் ஒரு வழக்கறிஞரின் ஆண்டுகளை நிரப்புவது இந்தக் கண்மாய் வழக்கைப் போன்ற பட்டியல் தகராறுகள்தாம். அதற்கு மதிப்பீட்டை வரி வரியாகப் படிக்கவும், லெவல் புத்தகத்தில் முன்நிலை எது பின்நிலை எது என்று பிரித்தறியவும், கரையில் இறங்கி நடந்து அளக்கவும் தெரிய வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் சில காலம் அரசுத் தரப்பிலும் பணியாற்றுங்கள் என்று நான் ஜூனியர்களிடம் சொல்வதற்குக் காரணம், ஒரு கோப்பு எந்த மேசையில் எதற்காக நிற்கிறது என்பது அங்கேதான் விளங்கும்.

இவ்வழக்கில் தீர்க்கப்படாமல் நின்றுபோன கேள்வி ஒன்று உண்டு. குறிப்புப் பக்கங்களின் நகல்களில், உதவி செயற்பொறியாளர் செயற்பொறியாளருக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. உடைப்புப் பணி நடைபெற்றது, அதற்கான தொகை நிலுவையில் உள்ளது, திருத்திய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வேண்டும் என்று அதில் கையெழுத்திட்டு எழுதியிருந்தார். பணி முடிந்து ஓராண்டு கழித்து எழுதப்பட்டது அது. காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 18-இன் விளக்கம், கடனை ஒப்புக்கொள்ளும் எழுத்து உரிமையாளர் அல்லாத வேறொருவருக்கு அனுப்பப்பட்டிருந்தாலும் போதும் என்கிறது. அப்படியானால் துறைக்குள் ஓர் அலுவலர் மேலதிகாரிக்கு எழுதிய கடிதமும் புதிய மூன்றாண்டுக் காலத்தைத் தரும். ஆனால் அவர் அரசின் சார்பில் கடனை ஒப்புக்கொள்ள உரிய அதிகாரம் பெற்ற முகவரா என்பதை நிறுவ வேண்டும். ஒப்புதல் கேட்கும் நிலையில் இருப்பவர் கடனை ஒப்புக்கொண்டவராக மாட்டார் என்ற எதிர்வாதமும் வலுவற்றதன்று. மாற்று வாதமாக இதையும் பிராதில் வைத்திருந்தோம். வழக்கு எப்படியும் காலத்துக்குள் வந்துவிட்டதால் இதற்குள் போக வேண்டியதில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. காலம் கடந்து வரும் அடுத்த ஒப்பந்ததாரருக்கு இது ஒன்றே வழியாக இருக்கலாம் என்பதால், பல்வேறு நிலை அலுவலர்களின் நிதி அதிகார ஒப்படைப்பு ஆணைகளைச் சேகரித்து, எந்த நிலையில் உள்ளவர் எழுதியது அரசைக் கட்டும் என்று ஒரு குறிப்புத் தயாரிக்கும் வேலையை இப்போது அலுவலகத்தில் இரு ஜூனியர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன்.